நாவலர் பெயர் பெற்ற வரலாறு

உலகத்திலே பிறந்தார் யாவர்க்கும் பெயர் உண்டு. பெயர் பெற்றாரோ மிகச் சிலர். கொட்டியாரக் குடாவை அடுத்த எமதூராகிய கட்டைபறிச்சானிலே, அண்மையில் ஆசிரியப்பணி ஏற்ற இளைஞர் ஒருவர் எம்மிடம் வந்து, ஆசிரியன் ஒருவன் ஊரறியப் பெயரெடுத்தற்கு வழி யாது என வினவினார். தம் படத்தையும் தாம் செய்யுஞ் சிறு கருமங்களையும் நாடோறும் கைத்தொலைபேசி வாயிலாகப் பலர்க்குங் காட்டுதலே வழியென அவருக்குச் சிலர் சொல்லியிருந்தனராம். அவருக்கு யாம் கூறிய விடை, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களுடைய சரித்திரமேயாம். சைவ ஆசிரியர் பிறர்க்கும் பயன்படுதல் கருதி அதனை இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்து நல்லூரிலே, 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் தேதி, கந்தப்பிள்ளை என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராய்த் தோன்றினார்கள். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம் என்பது. தமிழைச் சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் என்னும் வித்துவான்களிடத்தும், ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடத்தும் கற்றார்கள். மாணாக்கருடைய மதிநுட்பத்தைக் கண்ட பாதிரியார், இளவயதிலேயே அவரை அப்பாடசாலைக்கு உபாத்தியாயராக்கி, விவிலிய நூலைத் தமிழிற் பெயர்க்கும் பெருங் கருமத்திலும் தமக்குத் துணையாகக் கொண்டனர்.

அக்காலத்து நிலைமையை நாம் மறத்தலாகாது. ஆங்கிலக் கல்வியும், அதனால் வரும் உத்தியோகமும், உத்தியோகத்தால் வரும் மதிப்பும் பெரும்பாலும் பாதிரிமார் வாயிலாகவே கிடைத்தன. ஆதலின், பலர் வீட்டிலே ஒரு வேடமும் வெளியிலே மற்றொரு வேடமும் பூண்டு இரண்டு மனிதராய் வாழ்ந்தனர். நாவலர் அவர்களோ, பாதிரியார் முன்னும் சைவராகவே நின்றார்கள். அந்நிலையை அறிந்தே பாதிரியார் அவரை மதித்து வைத்திருந்தனர். பிறசமயத்தார் வேதம் என்று கருதித் தாம் ஏற்ற மொழிபெயர்ப்பிலே சிறிதும் வஞ்சியாது உழைத்தார்கள். அவ்வுழைப்பிலே தம் சமயத்தை இழந்தாரும் அல்லர்.

யாமும் ஒரு மிஷன் பாடசாலையிற் படித்தவரே. காலையிலே எம் அன்னையார் எமது நெற்றியில் நீறணிந்து அனுப்புவார். பாடசாலைக்குத் திரும்பும் வீதி முடக்கிலே, மருதமரத்தின் கீழ் நின்று, அதனை லேஞ்சியால் துடைத்துவிட்டு உள்ளே செல்வோம். துடைக்கும்படி எவருங் கட்டளையிட்டிலர். உடன்படிப்போர் நகைப்பர் என்னும் அச்சமே காரணம். மாலையில் வீடு புகுமுன் மீளவும் பூசிக்கொள்வோம். அன்னையார் அறிந்தும் ஒன்றுஞ் சொல்லாதிருந்தார் என்பதை அவர் சிவபதம் அடைந்த பின்னரே உணர்ந்தோம். நாவலர் சரித்திரத்தைக் கற்கும்போதெல்லாம் அம்மருதமரம் எம் கண்முன் வந்து நிற்கின்றது.

1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே நாவலர் அவர்கள் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார்கள். அப்பொழுதும் அவர்கள் மிஷன் பாடசாலை உபாத்தியாயரே. பிரசங்கம் வெள்ளிதோறுந் தொடர்ந்தது. அதனை மறைக்க அவர்கள் நினைத்ததில்லை. அடுத்த ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பாதிரியாரிடத்துப் பெற்ற உத்தியோகத்தையும் துறந்தார்கள். பாதிரியார் அவரைப் பிரிய மனமின்றி வேதனத்தை உயர்த்தித் தருவதாகச் சொல்லியும் அவர்கள் இசைந்திலர் என்பர். அன்று அவர்களுக்கு வயது இருபத்தைந்து. கையிலே பொருளில்லை, இல்வாழ்க்கையையும் விரும்பாது கடைசிவரை பிரமசாரியாகவே இருந்துவிட்டார்கள்.

மாணாக்கருக்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும் என்று கண்டு, 1849ஆம் ஆண்டிலே தமிழகஞ் சென்றார்கள். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கஞ் செய்தபோது, அவர்களுடைய கல்வியையும் வாக்குவன்மையையும் வியந்து, ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டினர். அப்பட்டம் எப்பொழுது வந்ததென்பதை ஆசிரியர்கள் உற்று நோக்குக. முதற் பிரசங்கத்துக்குப் பின், பாடசாலை தாபித்ததற்குப் பின், உத்தியோகந் துறந்ததற்குப் பின்னரே வந்தது. வேலை முந்தியது; பெயர் பிந்தியது.

அச்சியந்திரத்தோடு மீண்டு, பாலபாடங்களையும் சைவவினாவிடையையும் இயற்றி வெளியிட்டார்கள். 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார்கள். 1854ஆம் ஆண்டிலே சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார்கள். 1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் வித்தியாசாலை தாபித்தார்கள். படிமுறையாக அமைந்த பாடப்புத்தகம், வினாவிடை முறை, வாரப் பிரசங்கம், அச்சு, வசனத்திலே நிறுத்தக் குறிகள் ஆகியவற்றைப் பாதிரிமாரிடங் கண்டு கைக்கொண்டமையை அவர்கள் இழிவாகக் கருதினாரல்லர். கருவியைக் கடனாகப் பெற்றார்கள். கொள்கையைக் கடனாகப் பெறவில்லை. ஆங்கிலங் கற்ற ஆசிரியர்களாகிய நமக்கு இதனினுஞ் சிறந்த பாடம் வேறில்லை.

பெயரொன்றையே விரும்பினவராயின், சைவர் மகிழப் பேசிக் கைதட்டல் பெற்றிருக்கலாம். அவர்களோ ஆகமத்துக்கு மாறான கோயில் நடைகளையும் உயிர்ப்பலியையும் வெளிப்படக் கண்டித்து, தம்மவரிடத்தே பகை தேடிக்கொண்டார்கள். அவர்களிடத்து யாம் பின்பற்றலாகாததும் ஒன்று உண்டு. அக்காலத்துச் சாதிவேற்றுமையை அவர்களும் கைக்கொண்டு தம் நூல்களில் வற்புறுத்தினார்கள். சிவனடியார் கூட்டத்திலே குலம் வினவுதல் தகாதென்பதே நாம் இன்று மாணாக்கர்க்கு உணர்த்த வேண்டுவது. பெரியோரிடத்துள்ள குறையை மறைத்துப் போற்றுதலும் ஒருவகை வேடமே ஆதலின் இதனை எழுதினோம்.

1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, நாவலர் அவர்கள் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். 2006ஆம் ஆண்டிலே சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்து, எமதூரிலும் அயலிலும் அமைந்த முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அக்கொட்டில்களில் மண்ணில் எழுத்தெழுதுவித்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர் சிலரை யாம் அறிவோம். அவர் படம் எங்கும் வந்ததில்லை. அப்பிள்ளைகள் வளர்ந்து இன்றும் அவரை வீதியிற் கண்டால், துவிச்சக்கரவண்டியினின்றும் இறங்கி நின்று வணங்குகின்றனர்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆந் தேதி நாவலர் அவர்கள் சிவபதம் அடைந்தார்கள். ஒன்பது ஆண்டின் பின், 1888ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை தோன்றியது. 1971ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் அவர்கள் உருவம் பொறித்த அஞ்சல் முத்திரையை வெளியிட்டது. ஆறுமுகம் என்ற பெயருடையார் நம் நாட்டிற் பல்லாயிரவர். நாவலர் என்ற அளவில் நம் நினைவுக்கு வருபவர் ஒருவரே.

எம்மை வினவிய இளைஞர் இவற்றைக் கேட்டுச் சிறிதுநேரம் பேசாதிருந்து, அப்படியாயின் தாம் நாளை முதற் செய்யவேண்டியது யாது என்றனர். பாடத்தைச் செவ்வையாக ஆயத்தஞ் செய்து செல்க என்றோம். வீட்டிலணிந்த நீற்றோடு வகுப்பிற் புகுக என்றோம். பிறசமயப் பிள்ளை ஒன்று அவ்வகுப்பில் இருப்பின், அப்பிள்ளையும் தன் சமயக் குறியோடு அச்சமின்றி அமரும்படி பார்த்துக்கொள்க என்றோம். எம் இளமையில் மருதமரத்தின் கீழ் யாம் செய்ததை எம் மாணாக்கருள் எவருஞ் செய்யாதிருப்பின், அதுவே எமக்குப் போதிய பெயராகும்.

சிவமயம்.