ஹோமி பாபாவும் அணு உலைகளும்



நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. நீர் கொதித்து நீராவியாகிறது. நீராவி சுழலியைச் சுழற்ற, மின்பிறப்பாக்கி மின்சாரத்தைத் தருகிறது. அணுமின் நிலையத்திலும் நடப்பது இதுவே. வெப்பம் வரும் இடம் மட்டுமே வேறு. அந்த வெப்பத்தை இந்தியாவுக்கு அறிமுகம் செய்தவரின் வாழ்க்கையை இங்கு பார்ப்போம்.

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909 ஒக்டோபர் 30 இல் மும்பாயில் வசதியான பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். மகன் பொறியியல் கற்று ஜம்செட்பூர் டாட்டா உருக்கு ஆலையிற் பணிபுரிய வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். 1927 இல் கேம்பிரிட்ஜ் சென்ற மகனின் மனமோ பௌதிகவியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பிற் சித்தியடைந்தால் விரும்பியதைக் கற்கலாம் எனத் தந்தை உடன்பட்டார். 1930 இல் பாபா அதைச் செய்து காட்டினார். பிடிக்காத பாடம் என்று அவர் தட்டிக்கழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னர் அண்டக்கதிர் ஆராய்ச்சியிற் புகழ்பெற்றார்.

1939 இல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவேளை இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிச் செல்ல முடியவில்லை. போர் ஒருவரின் படிப்பைக் குலைப்பது எங்கள் செட்டிகுளத்துக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் பாபா சோர்ந்திருக்கவில்லை. பெங்களூரில், சேர் சி. வி. இராமன் தலைமை வகித்த பௌதிகத் துறையிற் சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1945 இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். 1948 இல் அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவரானார்.

இனி உலையின் தத்துவத்தைப் பார்ப்போம். யுரேனியம் 235 இன் கருவை நியூத்திரன் ஒன்று மோதினால் அது பிளந்து, வெப்பத்தையும் மேலும் இரண்டு அல்லது மூன்று நியூத்திரன்களையும் வெளிவிடும். அவை வேறு கருக்களைப் பிளக்கும். இதுவே சங்கிலித் தாக்கம். நியூத்திரனின் வேகத்தைக் குறைப்பது தணிப்பான். மிகையான நியூத்திரன்களை உறிஞ்சுவது கட்டுப்பாட்டுக் கோல். வெப்பத்தை வெளியே கொண்டுசெல்வது குளிராக்கி.

எந்த உலையைத் தெரிவுசெய்வது? நாட்டிடம் என்ன இருக்கிறது என்பதிலிருந்தே பாபா தொடங்கினார். இயற்கை யுரேனியத்தில் 235 வகை ஏறத்தாழ 0.7 சதவீதமே. இந்தியாவில் யுரேனியமும் குறைவு. ஆனால் கேரள, தமிழகக் கடற்கரை மணலில் தோரியம் நிறைய உண்டு. புல்மோட்டைக் கனிய மணலைப் பற்றிப் படித்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும். 1954 இல் அவர் மூன்று கட்டத் திட்டமொன்றை முன்வைத்தார்:

1. பாரநீர் உலை. பாரநீர் நியூத்திரன்களை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே இயற்கை யுரேனியமே போதும்.
2. வேக ஈனுலை. இதற்குத் தணிப்பான் இல்லை. முதற் கட்டத்திற் கிடைத்த புளூட்டோனியம் இங்கு எரிபொருளாகும். எரிவதைவிட அதிக எரிபொருளும் உருவாகும்.
3. தோரியம் உலை. தோரியம் யுரேனியம் 233 ஆக மாறி எரிபொருளாகும்.

1956 ஓகஸ்ட் 4 இல் துரொம்பேயில் அப்சரா என்னும் ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கியது. தடாகத்து நீரே அதற்குத் தணிப்பானும் குளிராக்கியும் ஆகும். அதன் செறிவூட்டிய யுரேனியம் பிரித்தானியாவிலிருந்து வந்தது.

1966 ஜனவரி 24 இல் பாபா பயணித்த விமானம் மொன்ட் பிளாங்க் மலையில் மோதியது. அப்போது அவருக்கு வயது 56. இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் 1969 இலேயே தாராப்பூரில் இயங்கியது. அவர் அதைக் காணவில்லை. தோரியக் கட்டமும் இன்னமும் முழுமையாகக் கைகூடவில்லை.

மறுபக்கத்தையும் விடையில் எழுதத் தவறாதீர்கள். துரொம்பேயின் சைரஸ் உலையிற் பெற்ற புளூட்டோனியமே 1974 அணுவெடிப்புச் சோதனைக்குப் பயன்பட்டது. செர்னோபில் (1986), புகுஷிமா (2011) விபத்துகளும் கதிரியக்கக் கழிவும் இன்றும் கேள்விகளாகவே உள்ளன.

நினைவிற்கொள்க:
• தாராப்பூர் 1, 2 – கொதிநீர் உலை. உலைக்குள்ளேயே நீர் கொதிக்கும்.
• கூடங்குளம் – அழுத்தநீர் உலை. உயர் அழுத்தத்தால் உலைநீர் கொதிக்காது. வேறொரு சுற்றில் நீராவி உண்டாகும்.
• கல்பாக்கம் – பாரநீர் உலை. திரவ சோடியத்தாற் குளிரும் வேக ஈனுலையும் உண்டு.

பயிற்சி: பாபா முதலிற் பாரநீர் உலையைத் தெரிந்தமைக்கான காரணத்தை விளக்குக. இல்லாததை எண்ணி வருந்தாமல் இருப்பதை எண்ணித் திட்டமிட்டார் என்பதே விடையின் சாரம். உங்கள் படிப்புக்கும் அது பொருந்தும்.