பிலடெல்பியாவின் பெருங்குடிமகன்

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில், டெலவேர் ஆற்றங்கரையில் அமைந்தது பிலடெல்பியா நகரம். 1723-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு நாள் காலை, 17 வயது இளைஞன் ஒருவன் படகிலிருந்து அந்நகரில் இறங்கினான். அவன் உடை அழுக்கேறியிருந்தது; கையிருப்போ மிகச் சொற்பம். பசி தாங்காமல் மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கினான்; இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றவாறே தெருவில் நடந்தான். அவனே பின்னாளில் பெரும்புகழ் எய்திய பெஞ்சமின் பிராங்க்ளின்.

அவர் 1706-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் மெழுகுவர்த்தி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் பயின்றது இரண்டே ஆண்டுகள். தமையனிடம் அச்சுத்தொழில் கற்று, பிலடெல்பியாவில் சொந்த அச்சகம் நிறுவினார், செய்தித்தாளும் நடத்தினார். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என அவர் கண்டதையும், தம் நாட்டின் விடுதலைக்கு உழைத்ததையும் உலகம் அறியும். ஆனால், அவர் தம் ஊர் மக்களுக்கு ஆற்றிய தொண்டினைப் பலர் அறியார்.

1727-ஆம் ஆண்டில் அவர் தொழிலாளர் நண்பர் சிலரைச் சேர்த்துக் கழகம் ஒன்று அமைத்தார். அக்கழகத்தார் வெள்ளிதோறும் மாலையில் கூடி, ஊருக்கு நலம் பயப்பவை எவை என ஆராய்ந்தனர். அங்கே அரும்பியதே நூல்நிலையம் அமைக்கும் எண்ணம். ஒவ்வொருவரும் முதலில் 40 ஷில்லிங்கும், பின்னர் ஆண்டுதோறும் 10 ஷில்லிங்கும் தரவேண்டும் என்னும் திட்டத்துடன், 1731-இல் பிராங்க்ளின் வீடு வீடாகச் சென்றார். பலர் தயங்கினர். தம் பெயரை உயர்த்திக்கொள்ளவே இவர் அலைகின்றாரோ என்று சிலர் ஐயுற்றதை அவர் உணர்ந்தார். அன்றிலிருந்து தம்மை மறைத்துக்கொண்டார். நண்பர் பலரின் கருத்து இது என்று மட்டும் சொல்லிச் சென்றார், வேலை எளிதாயிற்று. 50 பேர் சேர்ந்தனர். இலண்டனிலிருந்து நூல்கள் வந்தன.

அந்நாளில் பிலடெல்பியாவில் தீப்பற்றினால் அயலார் ஓடி வருவர். வந்தும் என் செய்வது? வாளி ஓரிடம், ஏணி ஓரிடம், கட்டளையிடுவார் எவரும் இலர். திறந்த கரண்டியில் தணலை அள்ளி அறைக்கு அறை கொண்டுசெல்லும் கவனக்குறைவைப் பிராங்க்ளின் தம் இதழில் கடிந்து எழுதினார். 1736-இல் 30 பேர் கொண்ட தீயணைக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை வாரிச்செல்லப் பைகளையும் கூடைகளையும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். மாதக்கூட்டத்துக்கு வாராதவர் அபராதம் செலுத்தவேண்டும்; அப்பணத்தில் ஏணிகளும் நீரிறைக்கும் பொறிகளும் வாங்கப்பட்டன. மேலும் பலர் சேர விரும்பியபோது, தனிச் சங்கம் அமைத்துக்கொள்ளுமாறு அவர்களுக்குக் கூறப்பட்டது. இவ்வாறு சங்கங்கள் பல பெருகின.

எல்லாம் இத்துணை எளிதில் முடிந்துவிடவில்லை. இரவுக்காவல் முறை அந்நகரில் சீர்கெட்டுக் கிடந்தது. காவலுக்கு வர விரும்பாத குடும்பத்தார் ஆண்டுக்கு ஆறு ஷில்லிங் தருவர். காவல் அலுவலர் அதில் பெரும்பகுதியைத் தாமே வைத்துக்கொண்டு, குடிக்கு அலையும் வீணரைக் காவலுக்கு நிறுத்துவர். சிறு உடைமையே உள்ள ஏழைக் கைம்பெண்ணும் ஆறு ஷில்லிங். கிடங்கு நிறையச் சரக்கு வைத்திருக்கும் பெருவணிகரும் ஆறு ஷில்லிங்! இந்த அநீதியே பிராங்க்ளினை வருத்தியது. உடைமைக்கு ஏற்ப வரி விதித்து, தக்க காவலரை ஊதியத்திற்கு அமர்த்தவேண்டும் என்றார். அது சட்டமாகப் பல ஆண்டுகள் சென்றன.

சந்தைத்தெருவுக்குக் கல் பாவப்பட்ட பின்னும் புழுதி படிந்தது. உழைக்கும் ஏழை ஒருவரைப் பிராங்க்ளின் தேடிப் பிடித்தார். வாரம் இருமுறை அவர் தெருவைக் கூட்டுவது. வீட்டுக்கு மாதம் ஆறு பென்னி கொடுப்பது. இதன் நன்மைகளை அச்சிட்டு வீடுதோறும் அனுப்பிவிட்டு, இரண்டொரு நாள் கழித்துச் சென்று கேட்டார். மறுத்தவர் ஒருவரும் இலர். தெருவின் தூய்மையைக் கண்டபின், எல்லாத் தெருக்களுக்கும் கல் பாவ வரி கொடுக்கவும் மக்கள் இசைந்தனர். தெருவிளக்குக்கோ, ஜான் கிளிப்டன் என்பவர் தம் வாயிலில் ஏற்றிவைத்த விளக்கே வழிகாட்டியது. அப்பெருமை தம்முடையதன்று என்பதைப் பிராங்க்ளின் மறவாமல் எழுதிவைத்தார். அவர் செய்தது விளக்கின் அமைப்பைத் திருத்தியதே. உருண்டைக் கண்ணாடிக்குள் புகை தங்கி ஒளி மங்கியது. அவர் நான்கு தட்டைக் கண்ணாடிகளைப் பொருத்தி, மேலே புகைபோக்கியும் கீழே காற்றுப் புகும் இடைவெளியும் அமைத்தார்.

ஏழை நோயாளருக்கு மருத்துவமனை வேண்டும் என்று முதலில் எண்ணியவர் தாமஸ் பாண்ட் என்னும் மருத்துவர். அவர் நன்கொடை கேட்டுச் சென்ற இடமெல்லாம், பிராங்க்ளின் இதுபற்றி என்ன நினைக்கிறார் என்றே வினவினர். பாண்ட் அவரை நாடி வந்தார். பிராங்க்ளின் தாமும் பணம் தந்தார், இதழில் எழுதினார். ஆயினும் வரவு நாளடைவில் தளர்ந்தது. மாகாணச் சட்டசபையை அணுகினால், நகரத்தார்க்குப் பயன்படுவதற்கு நாங்கள் ஏன் கொடுப்பது என்றனர் நாட்டுப்புற உறுப்பினர். அப்போது பிராங்க்ளின் ஒரு வழி கண்டார். மக்கள் 2,000 பவுன் திரட்டிக் காட்டினால் சபையும் 2,000 பவுன் தரவேண்டும் என்று மசோதா எழுதினார். அத்தொகை சேரவே சேராது. செலவின்றி அறப்புகழ் கிடைக்கும் என்று கருதிய உறுப்பினர் உடன்பட்டனர். மக்களோ, தாம் தரும் ஒவ்வொரு பவுனும் இரண்டாகும் என்றறிந்து வாரி வழங்கினர். குறித்த தொகைக்கு மேலும் சேர்ந்தது. இது தந்திரம் அன்றோ எனலாம். ஆம், தந்திரமே, பிராங்க்ளினே அதை ஒப்புக்கொண்டார், அதன்பொருட்டு வருந்தவில்லை. 1752-இல் வாடகை வீடொன்றில் நோயாளர் சேர்க்கப்பட்டனர். 1755-இல் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பிராங்க்ளின் 1790-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், 84-ஆம் வயதில் காலமானார். பிலடெல்பியாவுக்கும் பாஸ்டனுக்கும் ஆளுக்கு 1,000 பவுன் எழுதிவைத்திருந்தார். அது இளந்தொழிலாளர்க்குக் கடனாகத் தரப்பட்டு வளரவேண்டும். நூறாண்டு கழித்து ஒரு பகுதியைப் பொதுப்பணிக்குச் செலவிடலாம் என்பது ஏற்பாடு. கட்டடங்களும் கல் பாவிய தெருக்களும் மழைநீரை மண்ணில் இறங்கவிடா. ஆதலால் கிணற்றுநீர் நாளடைவில் கெடும். விஸ்ஸாஹிக்கன் ஓடைநீரைக் குழாய்வழியே நகருக்குக் கொணரலாம் என்று அதில் குறித்திருந்தார். தெருக்களுக்குக் கல் பாவ முன்னின்றவரே அதனால் விளையும் கேட்டையும் எண்ணிப் பார்த்தார். நகரத்தார் நூறாண்டு காத்திருக்கவில்லை. 1801-ஆம் ஆண்டிலேயே ஸ்கூல்கில் ஆற்றுநீர் குழாய்களின் வழியே பிலடெல்பியாவுக்குள் வந்தது.