நீலகிரி கண்ட ஸல்லிவன் துரை

சரித்திர வகுப்பிலே, கம்பெனியாரின் இராஜ்ய விஸ்தரிப்பைக் குறித்து ஒரு கட்டுரை வரைக என்னும் வினா ஆண்டுதோறும் தவறாது வருவதொன்று. மாணவராகிய நாம் யாது செய்கின்றோம்? 1757-இல் பிளாசி, 1764-இல் பக்ஸார், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் எனப் போர்களை நிரைப்படுத்தி, இடையிடையே உடன்படிக்கைகளைச் செருகி, டல்ஹௌஸி பிரபுவின் பெயரோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றோம். யானும் அங்ஙனமே எழுதி, அதற்குத் தக்க சொற்ப எண்களே பெற்றேன். ஒரு நிலம் பிறர் கைக்குப் போவது எவ்வாறு என்பது அப்பட்டியலில் எங்கும் இல்லை. அதனை எனக்கு ஓரளவு விளங்க வைத்தது ஜான் ஸல்லிவன் என்பாருடைய வாழ்க்கையாகும். உதகமண்டலத்து ஏரிக்கரையில் உலாவும் நம்மனோர் பலர் அவ்வேரியை வெட்டுவித்தவர் இவரே என்பதை அறியார்.

ஸல்லிவன் 1788-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். மீசை அரும்பாப் பருவத்திலேயே கம்பெனியாரிடம் எழுத்தராக அமர்ந்து சென்னை இராஜதானிக்கு வந்து சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, முப்பது வயது நிரம்புமுன் கோயம்புத்தூர் ஜில்லாவின் கலெக்டரானார்.

அக்கோயம்புத்தூருக்கு வடமேற்கே நீலநிறங் காட்டி நின்ற மலை, 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் எழுதப்பட்ட உடன்படிக்கையால் கம்பெனியாருக்கு உரியதாயிற்று. ஆனால் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டோர் ஒருவரேனும் அம்மலைமீது அடிவைத்தவரல்லர். 1603-இலேயே ஃபெனிசியோ என்னும் இயேசு சபைக் குரு ஒருவர் மலையாளக் கரையினின்று ஏறிச்சென்று தோடரைக் கண்டு மீண்டதுண்டு. அதன்பின் இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியர் நாட்டம் அங்குச் செல்லவில்லை. 1812-இல் கீஸ், மக்மாஹன் என்னும் நில அளவையாளர் இருவர் அனுப்பப்பெற்றனர். அவர்கள் அறிக்கையும் கச்சேரிக் கட்டுகளுக்குள் உறங்கிற்று. தாளிற் கிடைத்த மலை கையிற் கிடைக்க இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. கட்டுரை எழுதுவோர் இவ்விருபதாண்டு இடைவெளியைச் சிறிது நோக்குதல் நலம்.

1818-இல் ஸல்லிவனின் உதவியாளர்களாகிய விஷ், கிண்டர்ஸ்லி என்போர் மலையேறி மீண்டு, மேலே பரந்த புல்வெளியும் குளிர்ந்த காற்றும் உள என்று கூறினர். 1819 ஜனவரியில் ஸல்லிவனே ஒரு கூட்டத்தோடு புறப்பட்டார். செங்குத்தான பாறைகளும், காய்ச்சல் மிகுந்த அடிவாரக் காடும் தடுத்தும், கோத்தகிரிப் பக்கத்துத் திம்பட்டியை அடைந்தார். கண்ட காட்சி அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. சுவிட்ஸர்லாந்து தேசமே அவர் நினைவுக்கு வந்ததாம். அவ்வாண்டிலேயே அங்கு ஒரு வீடு எடுப்பித்தார். கன்னேரிமுக்கில் உள்ள அவ்வீடு இன்று அவர் நினைவிடமாகப் பேணப்பட்டு வருகின்றது. நோயுற்று மெலிந்திருந்த லெஷனோ என்னும் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் அதே ஆண்டு மலைமேற் சென்று நலம்பெற்றுத் திரும்பினார். இதனால் அம்மலைக் காற்றின் புகழ் எங்கும் பரவத் தொடங்கியது.

இனி, ஒரு மலை எவ்வாறு கைவசமாகின்றது என்பதைக் காண்க. முதலில் வேண்டியது பாதை. சிறுமுகையிலிருந்து கோத்தகிரி நோக்கிய மலைப்பாதையை மக்பெர்ஸன் என்னும் படைத்தலைவர் மேற்பார்வையில் அமைப்பித்து, 1823-இல் முடிப்பித்தார். அடுத்தது வீடு. தோடரின் மந்து ஒன்று இருந்த உயர்ந்த பள்ளத்தாக்கில், அவர்களிடம் ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் விலைகொடுத்து நிலம் பெற்று, 1822-இற் கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதனைக் கல் பங்களா என்றனர். அதன்பின் தோட்டம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, வாற்கோதுமை, சீமைப் பழமரங்கள் முதலியவற்றை வருவித்துப் பயிரிட்டுப் பார்த்தார். இன்று நம் விடுதிச் சாம்பாரில் மிதக்கும் ஊட்டி உருளைக்கிழங்குக்கு மூலபுருஷர் இவரே எனலாம். 1823-இல் ஓடைகளைத் தேக்கி ஏரி அமைக்கத் தொடங்கினார். அது 1825-இல் முடிந்தது. 1826-இல் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ அவர் விருந்தினராக வந்து தங்கினார். பீரங்கி ஒன்றும் முழங்கவில்லை. எனினும் ஏழாண்டுகளில் மலை வேறொருவர் மலையாயிற்று.

இங்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எருமைகளையே செல்வமாகவும் புல்வெளியைப் பொதுவாகவும் கொண்டு வாழ்ந்த தோடர், ஏக்கர் என்பதையும், என்றென்றைக்கும் விற்றல் என்பதையும் எவ்வாறு பொருள் கொண்டிருப்பர்? வாங்கியவர் விற்றதென்றே கருதினார். கொடுத்தவர் அவ்வாறே கருதினரோ என்பது எனக்கு ஐயமாகவே இருக்கின்றது.

ஆயினும் ஸல்லிவனை நிலப்பேராசைக்காரர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடவும் இயலாது. 1827-இல் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் என்பார் சென்னைக் கவர்னராக வந்தார். அவருக்கும் நீலகிரிமேல் அளவிலாப் பற்று. குன்னூர் மலைப்பாதையும், 1830-இல் அபிஷேகம் செய்யப்பெற்ற பரிசுத்த ஸ்தேவான் ஆலயமும் அவர் ஆட்சியில் எழுந்தவை. அவ்வாலயத்து உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவை. தோற்ற அரசின் மரம் வென்றோர் தேவாலயத்தைத் தாங்கி நிற்பது காண்போர் சிந்தனைக்குரியது. ஒரே மலையை நேசித்த இவ்விருவரும் ஒருவரோடொருவர் ஒவ்வவில்லை. மலைநிலம் தோடருக்கே முழு உரிமையுடையது, எடுக்கும் நிலத்துக்கு அவர்களுக்கு ஈடு தரவேண்டும் என்பது ஸல்லிவனின் கொள்கை. சர்க்காருக்கே உரியது என்பது எதிர்க்கட்சி. தாம் தோடரிடம் வாங்கிய பெருநிலத்தைக் காத்துக்கொள்ளவே கலெக்டர் இங்ஙனம் வாதிக்கின்றார் என்று பகைவர் கூறினர். அக்கூற்றில் உண்மை சிறிதுமில்லை என்று சொல்ல யான் துணியேன். தோடர் உரிமை நிலைத்தாலன்றி அவர் கிரயமும் நிலையாதன்றோ? ஆனால் தன்னலமும் நியாயமும் ஒரு வழியே செல்வதும் உலகில் உண்டு. 1830-இல் மலையின் பெரும்பகுதி கோயம்புத்தூரினின்று பிரிக்கப்பட்டு மலையாள ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. ஸல்லிவன் அவ்வாண்டே சீமைக்குச் சென்றார். 1843-இல் மலை மீண்டும் கோயம்புத்தூரோடு சேர்ந்தது. ஆனால் தோடருக்கு மேய்ச்சல் உரிமையன்றி வேறில்லை என்று இலண்டன் இயக்குநர் சபையார் தீர்ப்பளித்ததும் அவ்வாண்டிலேதான்.

சில ஆண்டுகளின்பின் அவர் திரும்பி வந்து, ரெவினியூ போர்டின் தலைவராகவும் கவர்னர் ஆலோசனைச் சபை அங்கத்தினராகவும் விளங்கினார். ஆனால் 1838-ஆம் ஆண்டு அவருக்குப் பேரிடி போன்றதாயிற்று. மனைவி ஹென்றியேட்டாவையும் ஒரு மகளையும் அவ்வாண்டில் இழந்தார். அவ்விருவரும் பரிசுத்த ஸ்தேவான் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். 1841-இல் உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்று, தாம் உண்டாக்கிய ஊரில் மனையாளை விட்டுவிட்டு, ஸல்லிவன் தாய்நாடு திரும்பினார்.

அவர் வாழ்க்கையில் யான் பெரிதும் வியப்பது இதன்பின் நிகழ்ந்ததே. கம்பெனியார் 1848-இல் ஸதாரா இராஜ்யத்தை, தத்துப்பிள்ளைக்கு உரிமையில்லை என்று கூறிக் கவர்ந்தனர். பங்குதாரர் சபையில் எழுந்து நின்று அதனை எதிர்த்துப் பேசியவருள் இம்முதியவர் ஒருவர். செய்துகொண்ட உடன்படிக்கைகள் நம்மைக் கட்டுப்படுத்துமா இல்லையா என்று தம் நாட்டாரைக் கேட்டு எழுதினார். 1853-இல் சுதேச மன்னர்க்காக வழக்காடி வெளியிட்ட நூலில், ஒரு சிற்றரசு ஒழியும்போது அதன் தலைநகர் பாழாவதையும், வியாபாரம் நலிவதையும், குடிகள் வறியராவதையும் எடுத்துக்காட்டினார். கங்கைக் கரையில் உறிஞ்சியதைத் தேம்ஸ் நதிக்கரையிற் பிழிந்துவிடும் கடற்பஞ்சுக்கு ஆங்கிலேயரை ஒப்பிட்டார். இது குற்றஞ்சாட்டுவோன் புறத்தேயிருந்து கூறியதன்று. நாற்பதாண்டுக்குச் சற்றேறக்குறையக் கம்பெனி ஊதியம் உண்டவர் கூறியது. நீலகிரியை நினைத்துக்கொண்டுதான் எழுதினாரோ, அறியேன். அந்நூலில் அவர் பேசியது மன்னர்களைப் பற்றி, தோடருக்கோ மன்னரில்லை. அவர் பேச்சைக் கேட்டாருமில்லை. 1854-இல் நாகபுரியும் ஜான்ஸியும் சேர்க்கப்பட்டன.

1855 ஜனவரி 16-இல் ஸல்லிவன் இறந்தார். அயோத்தி இராஜ்யம் பறிக்கப்பட்டதையும் 1857-இன் பெருங்கிளர்ச்சியையும் காண அவர் இருந்திலர். மலைச்சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்கள் பரவியதும், உதகை சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகரானதும், 1868-இல் நீலகிரி தனி நிர்வாகப் பகுதியானதும் அவருக்குப் பிற்பட்டவை. அவர் கல்லறை எங்குள்ளதென்பதே நெடுங்காலம் அறியப்படாதிருந்து, 2009-இல் இங்கிலாந்தில் ஸ்லவ் நகரையடுத்த அப்டன் ஆலயத் தோட்டத்தில், நீலகிரியிற் பற்றுடையோர் முயற்சியாற் கண்டறியப்பட்டது.

அவர் எழுப்பிய கல் பங்களா இன்று உதகை அரசினர் கலைக்கல்லூரியின் வளாகத்தில் நிற்கின்றது. தாவரத் தோட்டத்தின் மேற்புறத்து மஞ்சக்கல்மந்தில் தோடர் சில குடும்பத்தார் இன்றும் வாழ்ந்து வருகின்றனர்.