ரப்பர் சோல் ஷூ ஏன் ஷாக் அடிக்குது? யார் இந்த ஃபாரடே?

வறண்ட நாளில் ரப்பர் சோல் ஷூவோட நடந்து, கதவுப் பிடியைத் தொட்டா சுளீர்னு அடிக்கும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம்தான் காரணம். ஆம்பூர், வேலூர் மக்களுக்குப் பழகிய தோலில் சோல் போட்டால், அது பெரும்பாலும் தரைக்குக் கசிந்துவிடும்.

இந்த மின்சாரத்தைத் துரத்தியவர் மைக்கேல் ஃபாரடே. 1791-ல் கொல்லர் மகனாகப் பிறந்தார். 14 வயதில் லண்டன் பைண்டிங் கடையில் வேலை. பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தைப் படித்தே நிலைமின் இயந்திரம் செய்தார். அந்தக் கால இயந்திரங்களில் சுழலும் கண்ணாடியை உரசியதும் தோல் மெத்தைதான்!

1836-ல் உலோகம் சுற்றிய 12 அடி அறைக்குள் நுழைந்தார். வெளியே தீப்பொறி பறந்தது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. மின்னலின்போது கார் காப்பாற்றுவதும் இப்படித்தான்.

மின்னூட்டத்தைச் சுற்றிய வெளியில் விசைக்கோடுகள் இருப்பதாகச் சொன்னார். அதுதான் மின்புலம். கணக்கு தெரியாதவர் என்பதால் பலர் நம்பவில்லை. இளைஞர் மாக்ஸ்வெல் அதைக் கணிதமாக்கத் தொடங்கியபோது ஃபாரடேவுக்கு 60 வயது தாண்டியிருந்தது. 1867-ல் காலமானார்.