போரை முடித்த டார்பிடோ வீரர்
ஜப்பான் தளபதி சுசுகியின் வாழ்க்கை

1895-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம் 4-ந்தேதி. நள்ளிரவு நேரம்.

சீனாவில் உள்ள வெய்ஹாய்வெய் துறைமுகத்தில், சீனக் கடற்படையின் பெரிய கப்பல்கள் நின்று கொண்டிருந்தன. எதிரிகள் நுழைந்து விடாதபடி, துறைமுகத்தின் வாசலில் மரக்கட்டைகளையும் இரும்புக் கயிறுகளையும் பிணைத்துத் தடுப்பு போட்டிருந்தார்கள்.

அந்தத் தடுப்பை நோக்கி, ஜப்பானியரின் சின்னஞ்சிறு படகுகள் இருட்டில் ஊர்ந்து வந்தன. அவற்றில் 6-ம் எண் படகின் தலைவர், 27 வயது வாலிபர். அவர் பெயர் கன்டாரோ சுசுகி.

யானையும் எறும்பும்

அவை டார்பிடோ படகுகள். டார்பிடோ என்பது தண்ணீருக்குள் ஓடிச் சென்று கப்பலில் மோதி வெடிக்கும் குண்டு. உள்ளே அடைத்து வைத்த காற்றின் வேகத்தால் அது ஓடும். அந்தக் காலத்து டார்பிடோ அதிக தூரம் போகாது. ஆகவே, எதிரிக் கப்பலின் பக்கத்திலேயே போய்த்தான் அதை விட வேண்டும். எதிரி பார்த்துவிட்டால் படகில் இருப்பவர்கள் பிழைப்பது அரிது.

சீனர்களின் தலைமைக் கப்பலான டிங்யுவான், 7 ஆயிரம் டன்னுக்கு மேல் எடை உள்ளது. ஜப்பானியரின் படகுகள் பலவும் சுமார் 50 டன்தான். யானையை எறும்பு எதிர்த்த கதை!

குளிரோ தாங்க முடியாதது. படகின் மேல் தெறித்த கடல் நீர் பனிக்கட்டியாக உறைந்தது. ஆயினும் படகுகள் உள்ளே புகுந்தன. டிங்யுவான் மீது டார்பிடோ பாய்ந்தது. தண்ணீர் புகுந்த அந்தக் கப்பலைச் சீனர்கள் கரையில் கொண்டு போய் ஏற்றினார்கள். சில நாட்களில் சீனக் கடற்படை சரண் அடைந்தது.

பேய் கன்டாரோ

சுசுகி 1868-ம் ஆண்டு ஜனவரியில், ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். 1884-ல் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். சீனப் போருக்குப் பிறகு டார்பிடோவே அவருடைய உயிர்மூச்சு ஆயிற்று. வீரர்களை அவர் இரவு பகலாகப் பயிற்சியில் வாட்டி எடுத்தார். அதனால் அவருக்குப் "பேய் கன்டாரோ" என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அந்தப் பயிற்சியின் பலன், ரஷியாவுடன் நடந்த போரில் தெரிந்தது. 1905-ம் ஆண்டு மே மாதம் சுஷிமா கடலில் பெரும் போர் மூண்டது. சுசுகியின் நாசகாரிக் கப்பல்கள் இரவில் நெருங்கித் தாக்கின. நவாரின் என்ற ரஷியப் போர்க்கப்பல் மூழ்கியது. அதில் இருந்தவர்களில் ஒரு சிலரே பிழைத்தனர்.

போரின் கொடுமையை இவ்வளவு அருகில் கண்ட சுசுகி, போர் வெறி கொள்ளவில்லை. 1918-ல் பயிற்சிக் கப்பல்களுடன் அமெரிக்காவுக்குச் சென்றார். சான்பிரான்சிஸ்கோவில் பேசும்போது, ஜப்பானும் அமெரிக்காவும் சண்டையிட்டால் இரண்டுக்குமே அழிவுதான் என்று எச்சரித்தார்.

மனைவி காத்த உயிர்

படிப்படியாக உயர்ந்து, கடற்படையின் தலைமைப் பதவிகளை வகித்தார். 1929-ல் ஹிரோஹிட்டோ சக்கரவர்த்தியின் அரண்மனை அதிகாரியானார். அவருடைய இரண்டாவது மனைவி டாகா, சக்கரவர்த்தியைச் சிறு வயதில் வளர்த்த தாதி.

1936-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந்தேதி, விடிவதற்கு முன்பு, கலகக்கார சிப்பாய்கள் சுசுகியின் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். அவரைச் சுட்டார்கள். ரத்த வெள்ளத்தில் விழுந்தார். அவருடைய உயிரை முடித்துவிட ஒரு அதிகாரி முனைந்தபோது, டாகா கெஞ்சித் தடுத்தாள். அந்த அதிகாரி மனம் மாறினார். விழுந்து கிடந்தவருக்கு மரியாதை செலுத்திவிட்டு, சிப்பாய்களுடன் வெளியேறினார்.

சுசுகி பிழைத்தார். ஆனால் உடம்பில் தங்கிய ஒரு குண்டு, சாகும்வரை அவருடனேயே இருந்தது.

77 வயதில் பிரதமர்

1945-ம் ஆண்டு ஏப்ரல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றுக் கொண்டிருந்தது. பிரதமராகும்படி சுசுகியைச் சக்கரவர்த்தி கேட்டார். வயது 77, காதும் சரியாகக் கேட்காது. சுசுகி முதலில் மறுத்தார். சக்கரவர்த்தி விடவில்லை.

ஏப்ரல் 7-ந்தேதி பதவி ஏற்றார். அதே நாளில், உலகிலேயே மிகப் பெரிய போர்க்கப்பலான யமாட்டோவை அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. விமானங்கள் போட்ட டார்பிடோக்களே அதன் உயிரைக் குடித்தன!

ஜூலை மாதம், சரண் அடையும்படி நேச நாடுகள் கேட்டன. அதைப் பொருட்படுத்தப் போவதில்லை என்று சுசுகி சொல்லிவிட்டார். அந்தப் பதில் அவர் பெயருக்கு நீங்காத பழியாயிற்று. ஆகஸ்டு 6-ந்தேதி ஹிரோஷிமா மீதும், 9-ந்தேதி நாகசாகி மீதும் அணுகுண்டு விழுந்தது. ரஷியாவும் போர் தொடுத்தது.

9-ந்தேதி நள்ளிரவு. அரண்மனையின் சுரங்க அறையில் கூட்டம் நடந்தது. சரண் அடையலாம் என்று ஒரு சாரார். இன்னும் நிபந்தனைகள் வேண்டும் என்று மூன்று ராணுவத் தலைவர்கள். விவாதம் முடிகிற வழியாக இல்லை.

சுசுகி எழுந்தார். முன்பு நடந்திராத ஒரு காரியத்தைச் செய்தார். முடிவைச் சொல்லும்படி சக்கரவர்த்தியையே கேட்டார். சக்கரவர்த்தி, போர் முடிய வேண்டும் என்றார்.

ஆகஸ்டு 15-ந்தேதி, சரணாகதிச் செய்தி வானொலியில் ஒலித்தது. அன்று காலையில் வெறியர்கள் சுசுகியைக் கொல்லத் தேடி வந்தார்கள். அவர் தப்பினார். அவர்கள் வைத்த தீயில் வீடு எரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் பதவியை விட்டு விலகினார். தாம் வளர்ந்த செகியாடோ என்ற ஊருக்குப் போய் அமைதியாக வாழ்ந்தார். 1948-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி, 80-வது வயதில் காலமானார்.