கொரியக் கால்பந்தின் தந்தை கிம் யோங்-சிக்

கால்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவோர் கோல் போடும் முன்னணி வீரர்களே. நடுக்களத்தில் நின்று, எதிரணியினரிடமிருந்து பந்தைப் பறித்து, முன்னே நிற்பவருக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் ஓடுகிறவரை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அப்படி நடுக்களத்தில் ஓடி உழைத்த ஒருவரையே கொரிய மக்கள் தங்கள் கால்பந்தின் தந்தை எனப் போற்றுகின்றனர். அவர்தாம் கிம் யோங்-சிக்.

இவர் 1910ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இன்று வடகொரியாவில் அடங்கியுள்ள ஹ்வாங்ஹே மாநிலத்தில் பிறந்தார். தந்தை கிம் இக்-டு, ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்த போதகர். குழந்தை பிறந்த அடுத்த மாதமே, ஆகஸ்டில், ஜப்பான் கொரியாவைத் தன் நாட்டோடு இணைத்துக்கொண்டது. அதன்பின் 35 ஆண்டுகள் கொரியர் அந்நியர் ஆட்சியின் கீழ் வாழ்ந்தனர். ஆளுகிறவரை ஆளப்படுகிறவர் நேருக்கு நேர் நின்று வெல்லக்கூடிய இடங்கள் மிகச் சிலவே இருந்தன. அவற்றுள் ஒன்று கால்பந்து மைதானம்.

சியோல் நகரில் பொசோங் கல்லூரியில் பயின்ற கிம், விரைவிலேயே சிறந்த ஹாப் பேக் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றார். அவர் இடம்பெற்ற கியோங்சோங் கால்பந்துக் குழு, 1935இல் டோக்கியோ சென்று ஜப்பான் முழுவதற்குமான சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றியது. இறுதி ஆட்டத்தில் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஒன்றை 6-1 என்று தோற்கடித்தது.

மறு ஆண்டு பெர்லினில் ஒலிம்பிக் போட்டி. பட்டம் வென்ற குழுவிலிருந்து பலரைத் தேர்ந்தெடுப்பதுதானே நியாயம்? ஆனால் ஜப்பான் அணிக்கு இரண்டே கொரியர் அழைக்கப்பட்டனர். ஒருவர் இந்த அநீதியைக் கண்டித்து விலகிவிட்டார். கிம் யோங்-சிக் மட்டும் போனார். தம்மை அடிமைப்படுத்திய நாட்டின் சட்டையை அணிந்தார். அவருடைய பெயரைக்கூட அங்கே ஜப்பானிய முறையில்தான் உச்சரித்தார்கள்.

இந்த இடத்துக்கு வந்தபோது எங்கள் வகுப்பில் இரண்டு கட்சிகள் ஆகிவிட்டோம். போகாமல் நின்றவரே மானமுள்ளவர் என்றனர் சிலர். தம் இனத்தாரின் திறமையை உலகம் காணட்டும் என்றே கிம் போயிருப்பார் என்றனர் சிலர். மதிய உணவு மணி அடித்தும் வழக்கு தீரவில்லை. ஆகவே அவர் வாழ்க்கையின் மீதிப் பகுதியையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம் என முடிவு செய்தோம்.

1936 ஆகஸ்ட் 4ஆம் நாள் ஜப்பான் அணி சுவீடனைச் சந்தித்தது. சுவீடனே வெல்லும் என்று எல்லாரும் எண்ணினர். இடைவேளையின்போது சுவீடன் 2-0 என்று முன்னணியில் இருந்தது. பிற்பாதியில் நிலைமை தலைகீழாயிற்று. ஜப்பான் அணி மூன்று கோல்கள் போட்டு 3-2 என வென்றது. கோல் போட்டவர்களின் பட்டியலில் கிம் பெயர் இல்லை. நடுக்களத்தில் உழைப்பவர்களின் நிலை அதுதான். ஐந்து நாட்களுக்குப் பின், அதே பெர்லினில், மாரத்தான் ஓட்டத்தில் கொரியரான சோன் கீ-ஜோங் தங்கம் வென்றார். அவரும் ஜப்பானியச் சட்டையுடனேயே ஓடினார். அவர் மார்பிலிருந்த ஜப்பானியக் கொடியை அழித்துவிட்டுப் படத்தை அச்சிட்ட கொரிய நாளேடு ஒன்று பல மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. கிம் எத்தகைய காலத்தில் விளையாடினார் என்பது இதிலிருந்து விளங்கும்.

1945இல் கொரியா விடுதலை அடைந்தது. 1948இல் இலண்டனில் நடந்த கோடைக்கால ஒலிம்பிக்கில் கொரியா தன் சொந்தப் பெயரிலும் சொந்தக் கொடியுடனும் கலந்துகொண்டது. தென்கொரியக் குடியரசு முறைப்படி நிறுவப்பட்டது ஆகஸ்ட் 15இல். ஒலிம்பிக் முடிந்ததோ அதற்கு முந்தின நாள்! இரயில், கப்பல், விமானம் என மாறி மாறி நெடும்பயணம் செய்து இலண்டன் சேர்ந்த அணியில் கிம்மும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 38. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவர் தம் நாட்டுச் சட்டையை முதன்முதலாக ஒலிம்பிக் களத்தில் அணிந்தார்.

முதல் ஆட்டத்தில் கொரியா மெக்சிக்கோவை 5-3 என வென்றது. அடுத்து எதிர்ப்பட்டது யார் தெரியுமா? அதே சுவீடன்! இம்முறை கொரியா 0-12 என்று தோற்றது. பிறர் சட்டையில் சுவீடனை வென்றவர், சொந்தச் சட்டையில் அதே சுவீடனிடம் பன்னிரண்டு கோல் வாங்கினார்.

சோதனை அத்துடன் நிற்கவில்லை. 1950இல் கொரியப் போர் மூண்டது. அவ்வாண்டிலேயே அவருடைய தந்தை கொல்லப்பட்டார். போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1954இல், சுவிட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்குக் கொரியா தகுதி பெற்றது. அணியின் பயிற்சியாளர் கிம். வீரர்கள் களைப்புத் தீராமலேயே, புஸ்காஸ் தலைமையில் வந்த ஹங்கேரியை எதிர்த்து ஆடினர். பலர் தசைப்பிடிப்பால் தரையில் சாய்ந்தனர். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்றைய விதி இடம் தரவில்லை. ஹங்கேரியிடம் 0-9, துருக்கியிடம் 0-7 எனத் தோற்று அணி நாடு திரும்பியது.

வேறொருவராயின் கால்பந்தையே வெறுத்திருப்பார். கிம்மோ மது, புகை ஆகியவற்றைத் தொடாமல், நாள்தோறும் பந்துடன் தனியே பயிற்சி செய்யும் பழக்கத்தை விடாது காத்தவர். பத்தாயிரம் நாள் பயிற்சி என்று அவர் திட்டம் வகுத்துக்கொண்டதாகக் கொரியாவில் இன்றும் சொல்கிறார்கள். இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் பணியை அவர் கைவிடவில்லை. 1980இல் கொரியாவின் முதல் தொழில்முறைக் கால்பந்துக் குழுவாக ஹல்லேலூயா குழு தோன்றியபோது, எழுபது வயதில் அதன் முதல் பயிற்சியாளர் ஆனார். 1985 மார்ச்சில் காலமானார்.

2002 உலகக் கோப்பையில் தென்கொரியா நான்காம் இடம் பெற்றதைக் காண அவர் இல்லை. ஆயினும் 2005இல் கொரியக் கால்பந்துப் புகழ்மன்றம் தொடங்கப்பட்டபோது முதல் வரிசையிலேயே அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

இனி எங்கள் வழக்கின் தீர்ப்பு. 1936இல் அவர் போனது சரியா என்பதில் இன்றும் எங்களுக்குள் ஒருமனம் இல்லை. போக மறுத்தவரின் மானத்தையும் நாங்கள் வணங்குகிறோம். ஆனால் ஒன்றில் எல்லாரும் உடன்பட்டோம். பெர்லினில் கற்றதைக் கிம் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தம் நாட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்தார். சென்ற மாதம் எறிபந்தில் தோற்றுவிட்டு, மறுநாள் விளையாட்டு மணிக்கே வராமல் வகுப்பில் ஒளிந்துகொண்ட நாங்கள், பன்னிரண்டு கோல் வாங்கிய பின்னும் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போன இப்பெரியவரை எண்ணி வெட்கப்படுகிறோம். தோழியரே, வெற்றி வந்தாலும் தோல்வி வந்தாலும் மறுநாள் காலையில் களத்தில் நிற்கக் கற்போமாக!