நிலவில் ஒரு பெண்ணின் பெயர்

சந்திரனின் மறுபக்கம் பூமியில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு ரெஸ்னிக் என்று பெயர். அது ஒரு பெண்ணின் நினைவாக வைத்த பெயர். ஜூடித் ரெஸ்னிக் என்ற அந்தப் பெண் 36 வயதில் விண்கல விபத்தில் உயிர் நீத்தார்.

ரப்பர் நகரத்துப் பெண்

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் அக்ரான் என்ற ஊர் இருக்கிறது. மோட்டார் டயர் ஆலைகளால் பெயர் பெற்ற ஊர் அது. ரப்பர் நகரம் என்றே அதற்குப் பட்டப் பெயர் உண்டு. 1949-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி ஜூடித் அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கண் பரிசோதனை செய்து மூக்குக் கண்ணாடி கொடுப்பவர்.

ஜூடித் கணக்கில் புலி. பியானோ வாசிப்பதிலும் கெட்டிக்காரர். 1966-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது வகுப்பிலேயே முதல் மாணவியாகத் தேறினார். கல்லூரியில் சேருவதற்கான பொதுத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார். இசை படிப்பதா, கணக்குப் படிப்பதா என்ற கேள்வி வந்தது. ஜூடித் கணக்கின் பக்கம் போனார். பியானோவையும் கைவிடவில்லை.

கல்லூரிச் சகோதரிகள்

பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். கணிதம் படிக்கப் போனவர் மின்சாரப் பொறியியலுக்கு மாறினார். அந்தக் காலத்தில் அந்த வகுப்பில் இருந்த பெண்களை விரல் விட்டு எண்ணி விடலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் சங்கங்கள் உண்டு. அவற்றுக்குக் கிரேக்க எழுத்துக்களால் பெயர் வைப்பார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் சகோதரிகள். படிப்பு முடிந்து ஊருக்குப் போன பிறகும் அந்த உறவு தொடரும். ஜூடித் சேர்ந்த சங்கத்தின் பெயர் ஆல்பா எப்சிலான் ஃபை. 1909-ல் நியூயார்க்கில் உள்ள பார்னார்டு கல்லூரியில் 7 யூத மாணவிகள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. வெளியூரில் தங்கிப் படித்த பெண்களுக்கு அது பிறந்த வீடு போல இருந்தது.

1970-ல் ஜூடித் பட்டம் பெற்றார். முதலில் ரேடார் கருவிகளுக்கான மின்சுற்றுகளை அமைக்கும் வேலை பார்த்தார். பிறகு அரசாங்க மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் பணி செய்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1977-ல் மேரிலாந்து பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

8 ஆயிரம் பேரில் ஒருவர்

அதே ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஆள் தேடியது. பெண்களும் மனுப் போடலாம் என்று அறிவித்தது. 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுப் போட்டார்கள். 1978 ஜனவரியில் 35 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 6 பேர் பெண்கள். ஜூடித் அந்த 6 பேரில் ஒருவர்.

உடனே பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்து கொண்டார்கள். பெண் என்பதைப் பற்றியும், யூதர் என்பதைப் பற்றியுமே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஜூடித்துக்கு அது பிடிக்கவில்லை. தம்மை ஒரு விண்வெளி வீரராக மட்டும் பார்த்தால் போதும், தாம் செய்யும் வேலையை வைத்து எடை போட்டால் போதும் என்பது அவருடைய எண்ணம்.

விண்கலத்தில் பொருத்தும் நீண்ட இயந்திரக் கையை இயக்குவதில் அவர் தேர்ச்சி பெற்றார்.

அணைந்த எஞ்சின்

1984 ஜூன் 26-ந் தேதி டிஸ்கவரி விண்கலம் முதன் முதலாகப் புறப்பட இருந்தது. ஜூடித் உள்ளே இருந்தார். கிளம்ப 4 விநாடி இருக்கும்போது எஞ்சின்கள் அணைந்தன. வெளியே தீயும் பிடித்தது. நல்ல வேளையாக யாருக்கும் ஆபத்து இல்லை.

ஆகஸ்டு 30-ந் தேதி மறுபடியும் அதே கலத்தில் ஏறினார். இந்த முறை கலம் மேலே சென்றது. அமெரிக்கப் பெண்களில் விண்வெளிக்குச் சென்ற இரண்டாமவர் ஜூடித். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெரிய பலகை ஒன்றை அங்கே விரித்துச் சோதனை செய்தார். அதன் உயரம் சுமார் 31 மீட்டர்.

எடையில்லாத இடத்தில் அவருடைய நீண்ட கூந்தல் நாலா பக்கமும் மிதந்தது. ஒரு சமயம் அது சினிமாக் காமிராவில் சிக்கிக் கொண்டது. தந்தைக்கு வணக்கம் சொல்லும் அட்டை ஒன்றை டெலிவிஷன் காமிராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

73 விநாடி

1986 ஜனவரி 28-ந் தேதி அவருடைய இரண்டாவது பயணம். கலத்தின் பெயர் சாலஞ்சர். பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட 7 பேர் அதில் இருந்தார்கள்.

அன்று புளோரிடாவில் கடுங்குளிர். ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கியது. ராக்கெட்டின் பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு. குளிரில் அந்த ரப்பர் விறைத்துப் போகும் என்று பொறியாளர்கள் முந்திய இரவே எச்சரித்தார்கள். மேலிடத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை. கலம் கிளம்பியது. வளையம் விட்ட இடத்தில் நெருப்புக் கசிந்தது. 73-வது விநாடியில் கலம் சிதறியது. ரப்பர் நகரத்தில் பிறந்த பெண்ணின் உயிருக்கு ஒரு ரப்பர் வளையமே எமனாக வந்தது.

வீரர்கள் இருந்த பகுதியைப் பிறகு கடலின் அடியிலிருந்து எடுத்தார்கள். ஆபத்து நேரத்தில் சுவாசிக்க வைத்திருந்த காற்றுக் கருவிகளில் 3 திறந்திருந்தன. அவற்றில் ஒன்று விமானி மைக்கேல் ஸ்மித்துடையது. அதன் திருகு அவருடைய நாற்காலிக்குப் பின்புறம் இருந்தது. பின்னால் அமர்ந்திருந்தவர்கள் ஜூடித்தும் எல்லிசன் ஒனிசூகாவும். இருவரில் ஒருவர்தான் அதைத் திறந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. சாவு எதிரே நின்றபோதும் அங்கே ஒருவர் அடுத்தவரின் மூச்சை நினைத்திருக்கிறார்.

நினைவுச் சின்னங்கள்

படித்த கல்லூரியில் ஒரு மாணவர் விடுதிக்கு ஜூடித்தின் பெயர் வைத்தார்கள். பிறந்த ஊரில் ஒரு பள்ளிக்கும் அவர் பெயர். மின்சாரப் பொறியாளர்களின் சங்கம் அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது. இறந்த 7 பேரின் குடும்பத்தினரும் அதே 1986-ல் கூடினார்கள். வெறும் கல் தூணோடு நிற்காமல், சிறுவர் சிறுமியர் விஞ்ஞானம் கற்கும் நிலையங்களை ஏற்படுத்த முடிவு செய்தார்கள்.

அவருடைய கல்லூரிச் சகோதரிகளும் மறக்கவில்லை. அவர்கள் சங்கத்தின் அறநிதி, அவர் பெயரில் படிப்பு உதவித்தொகை வழங்கி வருகிறது.

வேலையை வைத்தே தம்மை மதிக்க வேண்டும் என்று விரும்பியவர் ஜூடித். அப்படிப்பட்டவருக்கு மாலையும் சிலையும் பெரிதல்ல. கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் பணமில்லாமல் படிப்பை நிறுத்தாதபடி பார்த்துக் கொள்வதே அவருக்குச் செய்யும் சரியான மரியாதை.